இரும்புப்பாலத்துச் சமாதானம்

களிமண் தோட்டம்,
அசாம் ஜாவா.
14-9-1951

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி கலாவதி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் உங்கள் மச்சான் முருகையாவும் சுகம். புதிதாக வந்த உங்கள் மருமகன் எங்களைவிடச் சுகம். பால் குடிக்கிறான், தூங்குகிறான், எழுந்தால் லயத்தையே கூட்டுகிறான். தஞ்சோங் காராங்கில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அரிசி ஆலைத் தூசி கண்ணுக்கு ஆகாதே. இருக்கும் ஒரு கண்ணையாவது ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறீர்களா?

பிள்ளைக்குத் தங்கராஜு என்று நம் அப்பா பெயரையே வைத்தோம். பெயரை எடுத்துக் கொடுத்தது என் மாமனார், மரம் வெட்டும் ஆட்களுக்குத் தலைவரான மண்டோர் சன்னாசி. அவர்கள் வீட்டு முதல் ஆண்பிள்ளை, அவர்கள் பக்கத்துப் பெயரைத்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். "சயாமுக்குப் போயி திரும்பாத மனுசன் பேரு இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு அழுகையும் சிரிப்புமாகவே இருந்தது.

இரண்டு தோட்டத்துச் சமாதானத்தை நீங்கள் நம்பவில்லை என்று தெரியும். என் கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினார்களே, அந்த மூன்று நிபந்தனையும் இன்றுவரை நடக்கிறது. இரும்புப்பாலத்தில் இரண்டு தோட்டத்துத் தேரும் ஒரே நாளில் ஏறுவதில்லை. திருவிழாவுக்கு முதல் வெற்றிலைத் தட்டு எதிர்த் தோட்டத்துக்குத்தான் போகிறது. பாலத்தில் இரண்டு தேரும் எதிரெதிரே வந்து முட்டிய அன்றைய தேர்ச் சண்டையில் யார் யாரை அடித்தார்கள் என்று யாரும் வாய் திறப்பதில்லை. இரும்புப்பாலத் தோட்டத்திலிருந்து களிமண் தோட்டத்துக்கு வாழ வந்தவள் நான். இதுவரை ஒருவரும் என்னை முகம் கோணிப் பார்த்ததில்லை.

சித்திரைத் திருவிழாவில் பிள்ளைக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி வேண்டும். என் கல்யாணத்துக்குத்தான் லீவு இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். இதற்கும் அப்படிச் சொன்னால் நான் பேசமாட்டேன்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
கலாவதி


தஞ்சோங் காராங்.
30-9-1951

அன்புத் தங்கச்சி கலாவதிக்கு உடையப்பனின் ஆசிகள் பல.

நான் சுகம். இங்கே வெயிலும் நெல்லும்தான், வேறு விசேஷம் இல்லை. உன் கடிதம் வந்த அன்று ஆலையில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். சீன முதலாளி தவுக்கே கூட ஒரு கோப்பை குடித்துவிட்டு, மாமன் ஆனதற்கே இவ்வளவா என்று கேலி செய்தார்.

பேப்பரில் பார்த்தாயா? ஜப்பான்காரனோடு சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். அமெரிக்காவில் எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் நடந்திருக்கிறது. அவன் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய், சயாம் தண்டவாளத்து ஓரத்தில் கிடக்கிறாரே நம் அப்பா, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தில் சமாதானம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றால் என்ன ஆகும் என்று அதில் எழுதியிருக்காது.

உங்கள் இரண்டு தோட்டத்து ஒப்பந்தமும் அப்படித்தானோ என்று எனக்குப் பயம். மூன்றாவது நிபந்தனை எனக்காகவே எழுதினது போல இருக்கிறது. என் இடது கண் போன கதையை நானே பேசக் கூடாது. சரி, பேசவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், பொய் சொல்லாமல் எழுது. சமாதானம் உண்மையாகவே நிற்கிறதா, இல்லை எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறீர்களா?

பெயர் வைத்ததற்கு உன் மாமனாருக்கு என் நன்றியைச் சொல். இதை மட்டும் மறக்காமல் சொல். சித்திரைக்கு வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஆலையில் ஆள் பற்றாக்குறை.

அண்ணன்,
உடையப்பன்


இரும்புப்பாலம் புது லயம்,
அசாம் ஜாவா.
2-12-1951

அன்புள்ள அண்ணனுக்கு, கலாவதி.

நாங்கள் சுகம். பிள்ளை குப்புற விழப் பழகிவிட்டான். உங்களுக்கு மழைக்காலச் சளி வந்திருக்குமே, மிளகு ரசம் வைக்கத் தெரியுமா?

மேலே முகவரியைப் பார்த்தீர்களா? காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, இரண்டு தோட்டத்து ஆட்களையும் கொண்டுவந்து ஒரே முள்வேலிக்குள் வைத்துவிட்டார்கள். ஒரே கேட். ரப்பர் பால்மரம் வெட்டப் போகும்போது போலீஸ் மாத்தாக்காரர்கள் சோதனை போடுகிறார்கள். ஒரு வாய்ச் சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டால் யார் முகத்தைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட குழாயும் வந்துவிட்டது அண்ணா. முதல் வாரம் வாளி பறந்தது. பிறகு பெண்களே பேசி, இந்தத் தோட்டத்து ஆள் ஒருத்தி, அந்தத் தோட்டத்து ஆள் ஒருத்தி என்று வரிசை வைத்தோம். இரண்டு மாரியம்மனையும் ஒரே அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். அம்மனும் அம்மனும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார்கள். ஒரு நாள் காற்றில் அது விழுந்தது. திரும்பக் கட்ட ஒருவரும் போகவில்லை.

பல்லைக் கடிப்பவர்கள் இல்லை என்று பொய் எழுத மாட்டேன், இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் கருவேப்பிலை தீர்ந்தால் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

உங்கள் நன்றியை மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

கலாவதி


தஞ்சோங் காராங்.
6-1-1952

அன்புத் தங்கச்சிக்கு.

சளி போய்விட்டது. மிளகு ரசம் வைத்தேன், அதைக் குடித்த பயத்திலேயே போயிருக்கும். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

மருமகனுக்குத் தங்கக் கடுக்கன் செய்யக் கொடுத்திருக்கிறேன். அசாம் ஜாவாவுக்கு வரும் லோரிக்காரர் சிவானந்தத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். மடிக்கு நம் செல்லையா சித்தப்பா உட்காரட்டும். நம்மை வளர்த்தவர், உன்னைத் தாரை வார்த்துக் கொடுத்தவர், அவர் உட்கார்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஊரடங்கு நேரத்தில் பயணம் கஷ்டம். அதோடு, ஒரே வேலிக்குள் எல்லோரும் ஒருவழியாகப் பழகி வரும் நேரத்தில் என் முகத்தைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டுமா? என் முகத்தைப் பார்த்தால் மறந்தவனுக்கும் ஞாபகம் வந்துவிடும்.

கோபித்துக்கொள்ளாதே.

உடையப்பன்


இரும்புப்பாலம் புது லயம்.
20-1-1952

அண்ணனுக்கு.

எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

கடுக்கனை லோரியில் அனுப்பலாம். மடியை அனுப்ப முடியுமா?

ஊரடங்கு என்கிறீர்கள், ஆலை என்கிறீர்கள். நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் பொங்கலன்றே மாமியார் அடுப்படியில் வைத்து அழுதுகொண்டே சொல்லிவிட்டார். மூன்றாவது நிபந்தனை என் வாயையும் கட்டியிருக்கிறது, அதனால் பெயர் எழுதவில்லை. நீங்களும் தெரிந்துகொண்டேதான் அந்த வீட்டுக்கு என்னைக் கொடுக்கச் சம்மதித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்று தேர்க்கம்பைப் பிடித்திருந்த அந்தக் கைதான் தினமும் என் பிள்ளையைத் தூக்குகிறது. அவன் அந்தக் கையில்தான் நன்றாகத் தூங்குகிறான். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

சித்தப்பா மடி வேண்டாம். நீங்கள் வராவிட்டால் காது குத்தப் போவதில்லை.

கலாவதி


தஞ்சோங் காராங்.
23-3-1952

அன்புத் தங்கச்சி கலாவதிக்கு.

நான் சுகம். உங்கள் சுகம்தான் தெரியவில்லை. உன் கடிதத்துக்கு எழுதி எழுதிக் கிழித்தேன், சரியாக வரவில்லை. கடைசியில் மாசியில் ஒன்று அனுப்பினேன். பதில் இல்லை. கடுக்கன் வந்து சேர்ந்ததா? சிவானந்தத்தைக் கேட்டால், கேட்டில் கொடுத்தேன், யாரும் பேசுகிற நிலையில் இல்லை என்கிறார். பேசுகிற நிலையில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

போன வாரம் ஓர் இன்ஸ்பெக்டர் ஆலைக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண் எப்படிப் போனது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏன் கேட்டார் என்று சொல்லவில்லை.

கோபம் என்றால் கோபமாகவாவது நான்கு வரி எழுது. உன் கோபத்தை நான் சிறு வயதிலிருந்தே வாங்கிப் பழகியவன்.

உடையப்பன்


இரும்புப்பாலம் புது லயம்.
6-4-1952

என் அன்பு அண்ணனுக்கு.

பிள்ளை சுகம். நாங்கள் இப்போதுதான் சுகம்.

மாசிக் கடைசியில் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அரிசி கிடைத்தது. காட்டுக்காரர்களுக்காக யாரோ ஒளித்து வைத்தது. அது மாமா மண்டோராக ஆள் மேய்க்கும் மரவரிசை. அவரைப் பிடித்துக் கோல சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதோடு, இந்த ஆள் பழைய ரவுடி, தேர்ச் சண்டையில் ஒருவன் கண்ணையே எடுத்தவன் என்று எங்கிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது நிரூபணமானால் தடுப்பு முகாம்தான் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னார். முகாமுக்குப் போனவர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்?

இன்ஸ்பெக்டர் நம் இரும்புப்பாலத் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். அன்று பாலத்தில் நின்றவர்கள்தான் எல்லோரும். கடன் தீர்க்க இதைவிட நல்ல நேரம் வராது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை அண்ணா. செல்லையா சித்தப்பா மட்டும் முன்னால் போய், "அந்த மனுசன் அரிசி குடுக்கிற ஆளு இல்லீங்க. எங்க பொண்ண குடுத்திருக்கோம்லா, தெரியாமலா குடுப்போம்?" என்றார். பிறகுதான் அவர்கள் உங்களைத் தேடி வந்தது.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதினால், காப்பாற்றுங்கள் என்றுதான் எழுத வரும். போனது உங்கள் கண். அதை விட்டுக்கொடுங்கள் என்று உங்களிடமே கேட்க எனக்கு எப்படி மனசு வரும்? அதை எழுதாமல் பிள்ளை தவழ்கிறான், பல் முளைக்கிறது என்று எழுதவும் கை ஓடவில்லை.

மாமா முந்தாநாள் வந்துவிட்டார். டின் வைத்தவன் வேறு எங்கோ பிடிபட்டான். அதற்கு முன்பே இவர்மேல் இருந்த பழைய கதை விழுந்துவிட்டதாம். இன்ஸ்பெக்டரே அவரிடம் சொல்லியிருக்கிறார்: "தஞ்சோங் காராங்கில் உன் ஆள் ஒருவன் இருக்கிறான். தேர் சாய்ந்தது, கம்பு கண்ணில் பட்டது, வேண்டுமானால் அம்மன் தேர்மேல் கேஸ் போடுங்கள் என்கிறான்."

மாமா வந்ததிலிருந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். இன்று காலையில் கிராணியிடம் போய்ப் பாஸ் கேட்டிருக்கிறார். உங்களைக் காதுகுத்துக்கு அழைக்க அவரே வரப்போகிறாராம்.

அண்ணா, உங்களுக்கு நன்றி என்று எழுதினால் மிகவும் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். நன்றி அண்ணா.

கலாவதி


தஞ்சோங் காராங்.
20-4-1952

அன்புத் தங்கச்சிக்கு.

நான் சுகம். உன் மாமனாரும் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார்.

மத்தியானம் ஆலை வாசலில் நின்றார். கக்கத்தில் துண்டு சுற்றிய தட்டு. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது தட்டைப் பற்றித்தான்.

"கேட்டுல மாத்தாக்காரன் வாழப்பழம், கல்கண்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான் தம்பி. சாப்பாட்டுச் சாமான் வெளிய போகக் கூடாதாம். வெத்தல பாக்கு மட்டுந்தான் விட்டான். கொறத் தட்டா கொண்டாந்துட்டேன்."

"உள்ள வாங்க மாமா. வெயில்ல நிக்காதீங்க."

"கொறத் தட்ட எப்படி நீட்டுறது?"

வெற்றிலை இருந்தால் அழைப்புதான் என்றேன். கேட்கவில்லை. வாசலை விட்டு அசையவும் இல்லை. கடைசியில் நானே எதிர்க் கடைக்குப் போய் ஒரு சீப்புப் பழமும் கல்கண்டும் வாங்கிவந்து அவர் தட்டில் வைத்தேன். பிறகுதான் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். நான் வைத்த பழத்தையே நான் வாங்கிக்கொண்டேன். தவுக்கே பார்த்துவிட்டு, தமிழன் கணக்கு தனக்குப் புரியாது என்றார்.

சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்துத் தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, அன்னிக்கு பாலத்துல..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, மூணாவது நிபந்தனை" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வெற்றிலை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டபோது எனக்கு ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வரவில்லை. என் கண் ஞாபகம் வந்தது, நன்றாகவே வந்தது. பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது ஆலையில் யாரோ யாரையோ தங்கராஜு என்று கூப்பிட்டார்கள். இங்கே ஒரு மூட்டைக்காரன் பெயர் அது. தன் வீட்டு முதல் பேரனுக்கு நம் அப்பா பெயரைக் கொடுத்த மனிதரை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? அவ்வளவுதான் நடந்தது. என்னைப் பெரிய ஆளாக்கிவிடாதே.

வருகிறேன். மடியோடு வருகிறேன்.

உடையப்பன்


இரும்புப்பாலம் புது லயம்.
30-4-1952

அன்புள்ள அண்ணனுக்கு.

எல்லோரும் மிகவும் சுகம். உங்கள் கடிதத்தை உங்கள் மச்சான் சத்தமாகப் படித்தார், மாமா வெளியே நின்று கேட்டார்.

கேட்டில் உங்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். அடையாள அட்டையை மறக்காதீர்கள். பழம் கொண்டுவராதீர்கள், மாத்தாக்காரன் மறுபடி சாப்பிட்டுவிடுவான்.

வேலிக்குள் இடம் இல்லாததால் இந்த வருடம் ஒரே தேர். இரண்டு அம்மனும் ஒன்றாக ஏறுகிறார்கள். எந்த அம்மன் வலது பக்கம் என்று ஒரு வாரமாகச் சண்டை. செல்லையா சித்தப்பா மேசையைக் குத்துகிறார், மாமா தரையைக் குத்துகிறார். நடுநடுவே தேத்தண்ணி குடிக்கிறார்கள். நேற்றுத்தான் முடிந்தது. போகும்போது நம் அம்மன் வலது பக்கம், திரும்பும்போது இந்த அம்மன் வலது பக்கம். தேரைத் திருப்புகிற இடத்தில் நிறுத்தி அம்மன்களை மாற்றி வைக்க வேண்டும். சமாதானம் நிற்கிறதா என்று கேட்டீர்களே, இப்படித்தான் நிற்கிறது.

சீக்கிரம் வாருங்கள்.

கலாவதி


தஞ்சோங் காராங்.
14-5-1952

அன்புத் தங்கச்சி கலாவதிக்கு.

சுகமாக வந்து சேர்ந்தேன். மருமகன் காதில் புண் இல்லையே? தேங்காய் எண்ணெய் தடவுகிறாயா?

வந்த அன்று கேட்டிலிருந்து உன் லயம் வரைக்கும் நான் தலை குனிந்தே நடந்தேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை, எல்லோரும் வேட்டியைப் பார்த்து, புதுசா என்று கேட்டார்கள். களிமண் தோட்டத்து ஆள் ஒருவர் என் பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டார். பாலத்தில் அன்று எனக்கு எதிரே நின்றவர் அவர். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டி கனமா என்று மட்டும் கேட்டேன்.

காது குத்தும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாய். அதனால் உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி முதலில் வலது காதைக் குத்தினார். அது என் கண் இருக்கும் பக்கம். ஊசி வருவது எனக்குத் தெரிந்தது, தலையைச் சரியாகப் பிடித்தேன். ஒரு கத்து கத்தினான், முடிந்தது. பிறகு ஆசாரி இடது பக்கம் வந்தார். எனக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது கலாவதி. ஊசி எங்கே, காது எங்கே, பிள்ளை எந்தப் பக்கம் திமிறுகிறான், எதுவும் தெரியவில்லை. என் கை நடுங்க ஆரம்பித்தது. தவறிப்போய் அவன் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. பிள்ளையின் கன்னத்தோடு சேர்த்துத் தலையைப் பிடித்தது. இன்னொரு கை என் முழங்கைக்குக் கீழே தாங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினாலும் அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அது யார் கை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம்கூட ஆடவில்லை அந்தக் கை. மருமகன் இரண்டாவது காதுக்கு அழவே இல்லை.

முதல் கடிதத்தில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். அதற்கு இனிமேல் நீ பதில் எழுத வேண்டாம். அடுத்த பிள்ளைக்கும் என் மடிதான். அந்தப் பக்கம் அவர் உட்காரட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

அவருக்கு என் வணக்கம். இந்த முறை சாப்பிட்டு முடித்த பிறகு சொல்.

உன் அண்ணன்,
உடையப்பன்